இரண்டாவது நாக்கு

நகராட்சி எனக்குச் சம்பளம் கொடுப்பது என் நாக்குக்காக. லில்லோசன் குடிநீர் நிலையத்தில் நான் சுவை பார்ப்பவள். ஏரித் தண்ணீரை வடிகட்டிக் குழாயில் விடுவதற்கு முன், தினம் இரண்டு வேளை ஒரு வாய் எடுத்து, உருட்டி, துப்பி, தாளில் எழுத வேண்டும். பாசி வாடை, இரும்புச் சுவை, மண் வாசனை எல்லாம் இயந்திரத்துக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே என் நாக்குக்குத் தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் இன்னொருவரும் வாயில் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் எங்கள் சட்டம். அந்த இரண்டாவது நாக்கின் பெயர் ரூனே.

இப்படி ஒரு நாக்கோடு சுவீடனில் பிறந்திருக்கக் கூடாது.

காலை ஒன்பதரைக்குக் காபி வேளை. பற்பசைக் குழாய் மாதிரி ஒரு நீலக் குழாய் மேசைமேல் உருளும். பிதுக்கினால் வருவது பற்பசை அல்ல, உப்பும் சர்க்கரையும் போட்டுப் புகையூட்டி அரைத்த மீன்முட்டை. அதை அவித்த கோழிமுட்டை மேல் நெளிநெளியாகப் பிதுக்குவார்கள். முட்டை மேல் முட்டை. எனக்குக் குமட்டும். அது முடிந்ததும் கறுப்பு மிட்டாய் டப்பா சுற்றி வரும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதற்கு முன் தேய்க்கிற நவச்சாரத்தை மிட்டாயில் போட்டு விற்கிறார்கள். சனிக்கிழமை ஆனால் குழந்தைகளுக்கே வாங்கிக் கொடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் வாழைப்பழமும் மசாலாத் தூளும் வேர்க்கடலையும் போட்ட பீட்சா. பிறந்தநாள் வந்தால் ரொட்டி, ஈரல் பசை, இறால், மயோனைஸ் எல்லாவற்றையும் அடுக்கி, கேக் போல வெட்டித் தருவார்கள்.

"இங்கேலா, நீ சாப்பிடல?" என்று யாராவது கேட்பார்கள்.

"வயிறு சரியில்ல" என்பேன். இருபத்திரண்டு வருடமாக எனக்கு வயிறு சரியில்லை.

ஆனாலும் அந்த டிசம்பர் மதியம் இரண்டு தட்டுக் கஞ்சி சாப்பிடத் தயாராக வந்திருந்தேன். காரணம் என் தங்கை பார்ப்ரோ. ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அம்மா இறந்தபோதுகூட அவளால் வர முடியவில்லை. நவம்பரில் தொலைபேசியில் கத்தினாள்.

"டிக்கெட் போட்டுட்டேன் அக்கா! ஜூலையில மூணு வாரம். வாரம் இருபத்தெட்டுலேர்ந்து முப்பது வரைக்கும். உனக்கு லீவுதானே?"

"லீவுதான். வேற என்ன?" என்று சொல்லிவிட்டேன். வேறு எப்படிச் சொல்வது?

எனக்கு லீவு இல்லை. எங்கள் சுவரில் ஐம்பத்திரண்டு வாரமும் போட்ட அட்டவணை ஒன்று தொங்குகிறது. அதில் இருபத்தெட்டு முதல் முப்பத்தொன்று வரைதான் தங்கக் கட்டங்கள். கோடை என்று ஒன்று எங்களுக்கு இருப்பதே அப்போதுதான். சுவை பார்ப்பவர்கள் இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் ஊரில் இருக்க வேண்டும். அப்படியானால் ஜூலை ஒருவருக்குத்தான்.

முன்பு இதற்காகச் சண்டை வந்தது. சண்டை என்றால் யாரும் சத்தம் போடவில்லை. ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்து நிலையத் தலைவர் ஸ்வாந்தே ஒரு வழி கண்டுபிடித்தார். கிறிஸ்துமஸுக்கு முன் நிலையத்தில் பால்கஞ்சி விருந்து உண்டு. பெரிய பானையில் ஒரே ஒரு உரித்த பாதாம் போடுவார்கள். அது யார் தட்டில் வருகிறதோ அவருக்கு முதல் தேர்வு. மற்றவர்கள் சீட்டுக் குலுக்கிக்கொள்ளலாம். யாருக்கு என்ன அவசரம், யார் வீட்டில் என்ன என்று ஒருவரும் வாய் திறக்கத் தேவையில்லை. எங்கள் ஆட்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது.

ரூனேவுக்கு இன்னும் அதிகமாகப் பிடித்தது. தொடர்ந்து மூன்று வருடம் பாதாம் அவனுக்குத்தான் வந்தது.

"ரூனே வாயில காந்தம் இருக்கு" என்பான் பம்ப் அறை தாகே.

மதியம் பன்னிரண்டுக்கு ஏழு பேரும் உட்கார்ந்தோம். வெளியே பனி. சமையல் பார்க்கும் மாய்கென் பானையைத் தூக்கி வந்து நடுவில் வைத்தாள். அறுபது வயது, ஆண்களைவிடப் பலமான கை. மேல் உதட்டுக்குள் எப்போதும் ஸ்னூஸ் இருக்கும். புகையிலைத் தூளை வெள்ளைப் பொட்டலமாகக் கட்டியது, விரல்நுனி அளவுக்கு ஒரு குட்டித் தலையணை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே சொருகி ஒரு மணி நேரம் ஊறவிடுவார்கள். ஊறி முடிந்ததைப் போட அந்த டப்பா மூடியிலேயே தனியாக ஒரு சின்ன அறை உண்டு. எங்கள் நாட்டில் பாதிப் பேருடைய பையில் அப்படி ஒரு டப்பா இருக்கும். அதை நினைத்தாலே எனக்குப் புரட்டும். ரூனே என்னைவிட மோசம். ஸ்னூஸ் வாடை பட்டாலே மூக்கைப் பொத்துவான். நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

கஞ்சி எடுப்பதற்கு முன் ஆளுக்கொரு பாட்டு சொல்ல வேண்டும். அது பழைய வழக்கம். தாகே எழுந்தான்.

"பால்ல வேகுது அரிசி, நாக்குல ஊறுது ருசி, பாதாம் மட்டும் மாட்டிச்சுன்னா ஜூலை முழுக்க குஷி!"

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். என் முறை வந்தது.

"கஞ்சி குடு, வேகமா குடுன்னு கேக்க மாட்டேன். கெடச்சுதுன்னா வேணாம்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"இவ்வளவு ஆசையா உனக்கு?" என்றான் ரூனே.

"சும்மா பாட்டுக்குச் சொன்னேன்" என்றேன்.

லவங்கப்பட்டைத் தூள், சர்க்கரை, மேலே குளிர்ந்த பால். முதல் கரண்டியிலேயே என் நாக்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. அடிப்பிடித்த வாடை இல்லை, பால் திரியவும் இல்லை. ஆனால் எங்கோ தூரத்தில் தார் ஊற்றிய சாலை மாதிரி ஒரு கசப்பு. நான் பேசாமல் விழுங்கினேன்.

"மாய்கென், இந்த வருஷம் என்னமோ புதுசா போட்டிருக்க" என்றான் தாகே. "லேசா புகை போட்ட மாதிரி. பிரமாதம்!"

"கொஞ்சம் ஏலக்காய்" என்றாள் மாய்கென், பெருமையாக.

தாகே இரண்டாவது தட்டு எடுத்தான். நானும் எடுத்தேன். இரண்டாவது தட்டின் நடுவில் பல்லுக்கு ஏதோ தட்டுப்பட்டது. சின்னது, வழவழப்பானது. பார்ப்ரோ! வாரம் இருபத்தெட்டு!

பாதாம் கிடைத்தவர் உடனே சொல்லக் கூடாது. சொன்னால் மற்றவர்கள் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். பானை காலியாகும்வரை கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். நானும் நாக்கால் மெதுவாக இடது கன்னத்துக்குத் தள்ளினேன். பாலில் ஊறிய பாதாம் மெத்தென்றுதானே இருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு அது கசிய ஆரம்பித்தது.

முதலில் உப்பு. அடுத்து நவச்சாரம். அதன் பின்னால் ஈரப் புகையிலை, பழைய சாம்பல், மழையில் நனைந்த நாய். சூடான சாறு ஈறோடு வழிந்து தொண்டைக்கு இறங்கியது. என் நாக்கு கேட்காமலே அறிக்கை எழுதியது. ஸ்னூஸ். அதிமதுர வாசனை போட்ட வகை. பயன்படுத்தியது, குறைந்தது ஒரு மணி நேரம். பயன்படுத்திய வாய் காலையில் மீன்முட்டைப் பசை தின்றிருக்கிறது.

தாகே போடுவது பொட்டலம் கட்டாத பழுப்புத் தூள். அதிமதுரம் போடுவது இந்த நிலையத்தில் ஒரே ஒருத்தி. நான் மாய்கெனைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லா இருக்கா?" என்றாள்.

நான் தலையாட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

துப்பியிருக்கலாம். துப்பினால் என்ன ஆகும்? ஏழு பேர் முன்னால் மாய்கெனுக்கு மானம் போகும். விருந்து கெடும். எங்கள் ஊரில் மனிதர்கள் அப்படிச் செய்வதற்கு முன்பே செத்துவிடுவார்கள். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என்னை நிறுத்தியது நல்ல குணம் இல்லை. கணக்கு. பானையில் தேடுவதற்கென்று போட்ட பொருள் ஒன்றே ஒன்று. மாய்கென் கை தவறிப் பாதாமுக்குப் பதிலாக இதைப் போட்டிருந்தால், வேறு யாரிடமும் பாதாம் இருக்காது. யாரும் பாதாம் காட்டாவிட்டால் இதுதான் பாதாம். ஜூலை என்னுடையது. பானை காலியாகும்வரை தாங்கினால் போதும்.

பானையில் ஒரே ஒரு கரண்டி மிச்சம் இருந்தது.

எங்கள் நாட்டில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். பசியால் உயிர் போனாலும் எடுக்க மாட்டார்கள். காபி வேளையில் கடைசி ரொட்டியைப் பாதியாக்கி, பாதியைக் காலாக்கி, காலை அரைக்காலாக்கி, கடைசியில் தட்டில் காய்ந்த பொடியாக விட்டுப் போவோமே தவிர, எடுக்க மாட்டோம்.

"தாகே, நீ எடுத்துக்கோ" என்றார் ஸ்வாந்தே.

"ஐயோ, எனக்கு மூணு தட்டு ஆச்சு. நீ எடு."

"எனக்கு வேணாம்பா. ரூனே?"

"சேச்சே. மாய்கென்தான் பாவம், நின்னுக்கிட்டே இருக்கா."

"சமைச்சவ கடைசியை எடுப்பாளா? நல்லாருக்கே!"

"அப்ப பாதி நான், பாதி நீ."

"பாதி வேணாம். கால் குடு."

என் கன்னத்துக்குள் சாறு நிரம்பிக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை. காது இரைந்தது. பழக்கமில்லாத உடம்பில் புகையிலை ஏறினால் மேசை மெல்ல ஆடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். தாகே அந்தக் கால் கரண்டியை மறுபடி இரண்டாகப் பிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்தேன். பானையை இழுத்தேன். கரண்டியால் வழித்து நேராக வாயில் போட்டு விழுங்கினேன்.

இத்தனை வருட விருந்தில் கடைசிக் கரண்டியை எடுத்த முதல் ஆள் நான்.

"சுவாரசியமா இருக்கு" என்றார் ஸ்வாந்தே மெதுவாக. ஒருவரைப் பற்றி அவர் சொல்லக்கூடிய மிக மோசமான சொல் அது. பிறகு தொண்டையைச் செருமினார். "சரி, பானை காலி. பாதாம் யார்கிட்ட?"

நான் வாயைத் திறக்கப் போனேன்.

"என்கிட்ட" என்றான் ரூனே. இரண்டு விரலால் கன்னத்திலிருந்து எடுத்து ஸ்வாந்தே தட்டில் வைத்தான். வெள்ளை வெளேரென்று உரித்த பாதாம்.

"மறுபடியுமா! சொன்னேன்ல, காந்தம்!" என்று தாகே கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். ரூனே எழுந்து அட்டவணைக்குப் போனான். பென்சிலை எடுத்து இருபத்தெட்டாம் கட்டத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டான்.

அப்படியானால் பாதாம் பானையில்தான் இருந்திருக்கிறது. நான் இருபது நிமிடம் சப்பியது வெறும் எச்சில் புகையிலை. பதினொரு வருடம் கழித்து வருகிறவளிடம் என்ன சொல்வேன்? 'விமான நிலையத்திலேர்ந்து நீயே வந்துடு, சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கு' என்றா? கைதுடைக்கும் தாளை எடுத்து வாயைத் துடைக்கிற மாதிரி துப்பிவிடலாம் என்று மடித்தேன்.

மாய்கென் அப்போதுதான் உட்கார்ந்தாள். விருந்து முடிந்த களைப்பில் ஏப்ரன் பையிலிருந்து ஸ்னூஸ் டப்பாவை எடுத்தாள். புதிதாக ஒன்று வைப்பதற்கு முன், பழக்கத்தில் மூடியின் சின்ன அறையைத் திறந்தாள்.

"என்ன இது?" என்றாள்.

அறைக்குள் ஒரு பாதாம் இருந்தது. உரித்தது, பளபளப்பானது.

மாய்கென் உதடு அசைந்தது. "பதினொன்னரைக்குப் பாதாமை உரிச்சுக் கையில வெச்சிருந்தேன். பால்காரன் போன் பண்ணினான். பேசறதுக்காக வாயில இருந்ததை எடுத்தேன். ஒரு கையில அது, ஒரு கையில இது. ஒண்ணை டப்பாவுல போட்டேன். ஒண்ணைப் பானையில..."

நிறுத்தினாள். தாகே தன் காலித் தட்டைப் பார்த்தான். மூன்று முறை காலியான தட்டு.

"ஏலக்காய்" என்றான்.

நான் கன்னத்திலிருந்து அதை எடுத்தேன். காபித் தட்டில் வைத்தேன். பழுப்பேறி, நைந்து, ஒரு மூலை பிரிந்திருந்தது. அதைச் சுற்றிச் சாறு மெல்லப் பரவியது. ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடினார். ஸ்வாந்தே பால் டம்ளரை வாயிலிருந்து இறக்கினார்.

"எவ்வளவு நேரமா?" என்று கேட்டார்.

"ரெண்டாவது தட்டுலேர்ந்து."

"இங்கேலா... ஏன்?"

"மாய்கென் பானையில போட்டது இதுதானே? கண்டுபிடிச்சது நான். முதல் தேர்வு என்னோடது."

எல்லோர் கண்ணும் ரூனேவின் பாதாம் மேல் போனது. ரூனே கையில் பென்சிலோடு நின்றான்.

"அரிசி மூட்டையில ஒண்ணு கலந்து வந்திருக்கும்" என்றான்.

"உரிச்சேவா?" என்றாள் மாய்கென்.

வீட்டிலிருந்தே பாதாமை உரித்து எடுத்து வந்தவனைக்கூட எங்கள் ஊரில் திருடன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்வாந்தே கூட்டம் நடத்துகிற முகத்தோடு, "சரி, ஒரு சுத்து எல்லாரும் கருத்து சொல்லிடலாம்" என்றார். ஒருவர் கஞ்சி சூடாக இருந்தது என்றார். இன்னொருவர் அரிசி மூட்டையை மாற்றலாம் என்றார். தாகே, "எனக்குக் கருத்து இல்ல, வாந்திதான் இருக்கு" என்றான்.

ரூனே தைரியம் வந்தவன்போல ஒரு அடி முன்னே வந்தான். "இருங்க. அது பானையிலேர்ந்துதான் வந்துச்சுன்னு என்ன நிச்சயம்? இங்கேலாவே வாயில வெச்சுக்கிட்டு வந்திருக்கலாம். அது கஞ்சியில வெந்ததா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

என் தலை சுற்றல் அப்போது சட்டென்று நின்றது.

"கண்டுபிடிக்கலாம் ரூனே" என்றேன். "கஞ்சியில வெந்திருந்தா உள்ளுக்குள்ள பாலும் ஏலக்காயும் இறங்கியிருக்கும். வெறும் எச்சில்னா அது இருக்காது. எனக்கு இருக்குன்னு தெரியுது. சந்தேகம்னு வந்துட்டா நம்ம சட்டம் என்ன?"

ஸ்வாந்தே தன்னையறியாமல் சொல்லிவிட்டார். "இரண்டாவது நாக்கு."

நான் காபித் தட்டை மேசையின் குறுக்கே தள்ளினேன். அது சாற்றோடு வழுக்கிக்கொண்டு போய் ரூனே முன்னால் நின்றது.

"வாயில வை. கன்னத்துல ஒதுக்கு. நிதானமா பாரு. பால் இல்லேன்னா கையெழுத்துப் போடு, ஜூலை உனக்கு."

ரூனே தட்டைப் பார்த்தான். அட்டவணையைப் பார்த்தான். ஒரு கரண்டியை எடுத்து அந்தப் பழுப்புப் பொட்டலத்தின் அடியில் நுழைத்தான். அது கரண்டியில் ஏறும்போது 'சளக்' என்றது. மூக்குக்கு நேரே கொண்டு வந்தான்.

"ம், போடு போடு" என்றான் தாகே. "காந்தம் இருக்குல்ல."

ரூனே கண்ணை மூடினான். வாய் கொஞ்சம் திறந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"எனக்கு இருபத்தெட்டு அவ்வளவு ஒண்ணும் அவசியமில்ல" என்றான்.

"நல்லது" என்றார் ஸ்வாந்தே. ரப்பரை எடுத்து அந்த எழுத்தை அழித்து, நான்கு கட்டத்திலும் என் பெயரை எழுதினார். மூன்று வருடக் கணக்கை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து சீட்டுக் குலுக்கலாம் என்று மட்டும் குறிப்பேட்டில் ஏறியது.

இரண்டு மணித் தண்ணீரை என்னால் பார்க்க முடியவில்லை. நாக்கு முழுவதும் தார். ரூனே தனியாக வாயில் எடுத்து, துப்பி, "சுத்தம்" என்று எழுதினான். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான்.

"அப்படி என்ன அவசரம் உனக்கு?"

"தங்கச்சி வர்றா. பதினொரு வருஷம் கழிச்சு."

"சொல்லியிருந்தா குடுத்திருப்பேனே."

"நீ கேக்கல."

"நீயும் சொல்லல" என்றான். தாளைக் கோப்பில் வைத்துவிட்டு, "படகுக்குப் பெயின்ட் அடிக்கணும். அதுக்குத்தான்" என்றான்.

ஜூலையில் ரயில் நிலையத்தில் பார்ப்ரோ இறங்கினாள். முடி நரைத்திருந்தது. சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே பையைத் துழாவினாள்.

"அக்கா, விமான நிலையத்துல பார்த்தேன், விடவே முடியல. மீன்முட்டைக் குழாய் நாலு வாங்கிட்டேன். மூணு வாரம் காலையில அதுதான், சரியா? அப்புறம் பால்கஞ்சி வேணும். கோடையா இருந்தா என்ன? அதுக்கு முன்னாடி இதைப் பிடி, வாயைத் திற!"

கறுப்பு மிட்டாய். நவச்சாரம் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் வேண்டாம் என்பதற்குள் வாயில் திணித்துவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

"எப்படி இருக்கு? நம்ம ஊரு!"

"நல்லா இருக்கு" என்றேன். நாக்கால் இடது கன்னத்துக்குத் தள்ளி ஒதுக்கிக்கொண்டேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.